நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்

ஜகார்த்தா
7 பிப்ரவரி 1994

அன்புள்ள வெனிங்,

நீ சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிப் பன்னிரண்டு நாளாகிறது. தேசிய அணி விடுதியில் உன் கட்டிலை லிடியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். மனாடோ ஊர்ப் பெண், என்னைவிட உயரம். இனி இறகுப்பந்து இரட்டையரில் அவள்தான் என் ஜோடி.

உன்னை ஏன் அனுப்பினார் என்று நம் பயிற்சியாளர் சுகெங் சாரிடம் கேட்டேன். "அவ ஆட்டத்துல குறையில்ல, ராத்ரி. ஆனா நூத்தியம்பத்திரண்டு சென்டிமீட்டரை வச்சுக்கிட்டு வெளிநாட்டுக்காரிங்க முன்னாடி என்ன பண்ணுவா? தலைக்கு மேல தூக்கிப் போட்டே கொன்னுடுவாளுங்க" என்றார்.

நாலு வருஷம் சேர்ந்து ஆடியிருக்கிறோம். எனக்கு மட்டும் வலிக்காதா? நீ சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே. உனக்குப் பொறுமை அதிகம். பதில் போடு.

உன்
ராத்ரி

தெகால்
19 மார்ச் 1994

ராத்ரிக்கு,

எனக்கு இருபத்திரண்டு வயது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இன்னும் காலம் கிடக்கிறது.

உயரம் ஒரு பொருட்டே இல்லை என்று வீம்புக்குச் சொல்லமாட்டேன். நீ ஓர் எட்டில் எடுக்கும் பந்துக்கு நான் இரண்டு எட்டு ஓடவேண்டும். நீ மேலிருந்து கீழே அடிப்பாய். என் ஸ்மாஷ் வலையைத் தாண்டினாலே பெரிது. அதற்காக வீட்டில் உட்கார்ந்து சோயாத் தெம்பே வறுக்கவா சொல்கிறாய்?

இங்கே அரிசி மில்லுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் ஆண்கள் ஆடுகிறார்கள். முதல் நாள் போனபோது ஒருவன், "தங்கச்சி, வலைக்கு அடியில பூந்து போயிடாத" என்றான். அவன் நெஞ்சைக் குறிவைத்தே ஆறு பந்து அடித்தேன். ஆறுக்கும் மட்டையைத் திருப்ப இடமில்லாமல் தடுமாறினான். நீண்ட கைக்காரர்களுக்கு உடம்பை ஒட்டி வரும் பந்து ஆகாது என்று அன்றுதான் புரிந்தது.

எனக்கும் ஒரு ஜோடி கிடைத்திருக்கிறாள். துமினி. மருந்துக்கடையில் வேலை. என்னைவிடக் குட்டை. எங்கள் இருவருக்கும் ஒரே சட்டம்: பந்தை உயரத் தூக்கவே கூடாது. தூக்கினால்தானே உங்களைப் போன்றவர்கள் அடிப்பீர்கள்?

மே மாதம் செமாராங் போட்டிக்கு ஊர்க் கழகத்தின் பெயரில் வருகிறோம்.

வெனிங்

ஜகார்த்தா
23 மே 1994

அன்புள்ள வெனிங்,

செமாராங்கிலிருந்து திரும்பியும் லிடியா என்னோடு பேசவில்லை. அரையிறுதியில், அதுவும் ஊர்க் கழகத்துப் பெண்களிடம் தோற்றதை அவளால் தாங்க முடியவில்லை.

நீங்கள் இருவரும் களத்துக்குள் வந்ததும் கூட்டத்தில் யாரோ, "இவங்க அம்மா எங்கப்பா?" என்றான், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 15-12 என்று முதல் ஆட்டம் உங்களுக்குப் போனதும் சிரிப்பு நின்றது. கடைசி ஆட்டத்தில் துமினியின் சர்வீஸ் வலையை உரசிக்கொண்டு வந்தபடியே இருந்தது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரே ஒரு பந்தை உயரத் தூக்குங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

சுகெங் சார் உன்னைத் திரும்பக் கூப்பிடப்போகிறார். மறுபடி நீயும் நானும்.

அதற்கு முன் ஒன்று சொல்லியாக வேண்டும். ஜனவரியில் அவர் முதலில் என்னைத்தான் கேட்டார். "வெனிங்கையே வச்சுக்கிறியா, லிடியாவைத் தரட்டுமா?" என்றார். லிடியா போதும் என்று சொன்னது நான்தான். ஜெயிக்க ஆசைப்பட்டேன். மன்னிப்பாயா?

ராத்ரி

தெகால்
11 ஜூன் 1994

அன்புள்ள ராத்ரி,

அது எனக்குத் தெரியும். பெட்டி கட்டும்போதே சுகெங் சார் சொல்லிவிட்டார். நீயாகச் சொல்வாயா என்று நாலு மாதம் காத்திருந்தேன்.

போன வாரம் சார் மருந்துக்கடைக்குப் போன் செய்தார். "துமினியும் வரலாமா சார்?" என்று கேட்டேன்.

"அவ உன்னைவிடக் குட்டைம்மா. நீ மட்டும் வா."

"அப்ப நானும் வரலை சார்" என்று வைத்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற துமினி தலையில் அடித்துக்கொண்டாள். "பைத்தியமாடி நீ? தேசிய அணிடி. எனக்கு இந்தக் கடை இருக்கு, நீ போ" என்று திட்டினாள். அன்று மாலை வழக்கம்போல ஐந்து மணிக்குக் கொட்டகைக்கு வந்தாள். இருட்டும்வரை சர்வீஸ் போட்டோம்.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. தேசிய அணியின் சிவப்புச் சட்டையில் என் பெயரைப் பார்க்க வேண்டும் என்று பத்து வயதிலிருந்து ஆசை. ஆனால் என்னை அளந்த நாடாவால் இன்னொருத்தியை அளக்கவிட்டு அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ள மாட்டேன். எங்களை அணிக்கு வெளியில் வைத்தே ஆட வைக்கட்டும். எத்தனை நாள் வைப்பார்கள், பார்ப்போம்.

மன்னிப்பு கேட்டிருக்கிறாய். கோபம் போய்விட்டது என்று பொய் எழுத மனம் வரவில்லை. ஆனாலும் உன் வாயாலேயே சொன்னாய். அதனால்தான் 'அன்புள்ள' என்று மறுபடி எழுத முடிந்தது.

ஜூலையில் சுரபயா போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டோம். நீயும் லிடியாவும் எதிரே வந்தால் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆட்டம் முடிந்ததும் உடனே பேருந்துக்கு ஓடிவிடாதே. ஒரு தேநீர் குடிக்கும் நேரம் இரு. மிச்சக் கோபத்தை உன்னிடம் நேரில் பேசித் தீர்க்க வேண்டும்.

வெனிங்