லீற்றருக்குப் பதினைந்து

ஜூலை 14, திங்கள்

412 கிலோமீற்றருக்கு 27.1 லீற்றர். லீற்றருக்குப் பதினைந்து, ஒரு சொட்டு மேலே. இரண்டு தடவை கணக்குப் போட்டேன். மூன்றாவது தடவையும் அதேதான்.

இருபது போகும் என்று சொன்னவன் யோகராஜ். சந்திரிகாவின் தம்பி. ஹேவாஹெட்ட கடைவீதியில் பலசரக்குக் கடை. எட்டு மாதத்துக்கு முன் தன்னுடைய ஹைபிரிட் காரை எனக்கு விற்றவன். "மச்சான், இது பெற்றோல் குடிக்காது, மோந்துதான் பாக்கும்" என்றான். மனைவியின் தம்பி என்று நம்பினேன்.

நான் ஓட்டுவதில் யாரும் குறை காண முடியாது. தினமும் காலையில் கண்டியிலிருந்து ஹேவாஹெட்டவுக்கு ஏறுகிறேன். இருபத்தாறு வருடம் பௌதிகவியல் படிப்பித்தவனைத் தூக்கித் தோட்டப் பாடசாலையில் போட்டார்கள், உப அதிபர் கதிரையை நேற்று வந்தவனுக்குக் கொடுத்தார்கள். அந்த இடமாற்றத்துக்கு வலயக் கல்வி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்கள் எனக்கு மனப்பாடம். பின்னேரம் இறங்கும்போது ஒரு சொட்டு வீணாக்குவதில்லை. உச்சியில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டால் தலாத்துஓயா வரை கார் தானாக உருண்டு வரும். பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் கிடந்த காலத்தில் பழகியது. இந்தப் பக்கத்து லொறிக்காரர் எல்லாரும் அப்படித்தான் இறக்குகிறார்கள்.

அப்படியும் பதினைந்து.

ஜூலை 17, வியாழன்

இறக்கத்தில் பிரேக் கிறீச்சிட்டது. கராஜில் காட்டினேன். பிரேக் பாட் நான்கும் தேய்ந்து தகடாகிவிட்டதாம். "ஹைபிரிட்டுக்கு இது லேசில தேயாது சேர், லட்சம் கிலோமீற்றர் தாண்டும்" என்றான் அந்த ஆள்.

என் மீற்றரில் அறுபத்தோராயிரம்தான்.

அப்படியானால்? மீற்றரைப் பின்னால் சுற்றியிருக்கிறான். பற்றரியும் செத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறு விடை வராது. ஒரு மாணவன் கூடச் சொல்லிவிடுவான்.

ஜூலை 19, சனி

கடைக்கே போனேன். ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் போனேன்.

"மீற்றர எவ்வளவு சுத்தினாய்?"

அவன் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தான். கை நின்றுவிட்டது. "என்ன மச்சான் பேசுறீங்க? அக்கா ஏறுற காரு அது. அதுல போயி நான் சுத்துவனா?"

"சுத்தாமல் பிரேக் எப்படித் தேய்ந்தது? இருபது எப்படிப் பதினைந்தானது?"

"நான் ஓட்டையில இருபது போச்சு. சத்தியமா போச்சு."

"சத்தியமா? வாயால் சொல்கிற சத்தியம் யாருக்கு வேண்டும்? கோயிலில் கற்பூரம் அடித்துச் சொல்."

எல்லாரும் கேட்டார்கள். தோட்டத்து லொறி ஓட்டுகிற சின்னமுத்து சீனி வாங்க வந்தவர், சீனியை மறந்துவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடிக்கிறேன்" என்றான் யோகராஜ்.

"உன் மகள் தலையில் கை வைத்து."

அவன் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. எடுக்காதா பின்னே. கள்ளனுக்கு யோசிக்க நேரம் வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

சந்திரிகா சோறு போட்டு வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். பேசவில்லை. நல்லது.

ஜூலை 27, ஞாயிறு

தோட்டத்து மாரியம்மன் கோயில். பூசாரி, சின்னமுத்து, கடை ஆட்கள் இருவர், யோகராஜின் மனைவி, நாங்கள் இருவர்.

யோகராஜின் மகள் தர்ஷிகா வந்தாள். செப்டம்பர் 4ஆம் திகதி அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் பன்வில. சுடிதாரின் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு தகப்பன் முன்னால் குனிந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. யோகராஜ் ஒரு கையால் கற்பூரத்தைக் கொளுத்தி, மறு கையை அவள் தலையில் வைத்தான். "மீற்றர தொடல. பற்றரில பழுது இருந்ததா எனக்குத் தெரியாது. பொய்யின்னா இவ வாழ்க்கைய மாரியாத்தா பாத்துக்கட்டும்" என்றான். அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஏத்துக்கிறீங்களா?" என்று பூசாரி கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

மகள் தலையில் என்று நான் கேட்டிருக்கக் கூடாதா? கேட்டேன். கோபத்தில் கேட்டதுதான். அவன் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே. யார் தடுத்தது?

ஆகஸ்ட் 2, சனி

இரண்டு கிழமைக்குப் பிறகு சந்திரிகா வாய் திறந்தாள். பன்வில வரைக்கும் செய்தி போய்விட்டதாம். மாப்பிள்ளையின் அம்மா சொல்லியனுப்பியிருக்கிறார்: சத்தியம் வாங்கினவர் வந்து ஏற்றுக்கொண்டு, அதே கோயிலில் தேங்காய் உடைத்தால்தான் அது பெண்ணின் தலையை விட்டு இறங்கும். அதுவரை பந்தக்கால் ஊன்ற வேண்டாம்.

"அவன் உண்மை சொல்லியிருந்தால் எதற்குப் பயம்?" என்று கேட்டேன்.

"நீங்க ஏத்துக்காத வரைக்கும் அது பொய்யாத்தான் நிக்கும்" என்றாள். "எனக்கு ஒரே தம்பி. அவனுக்கு ஒரே பொண்ணு. அத்தைன்னு நான் நிக்க வேண்டிய எடம் அது. அதையும் சேத்துத்தான் கொளுத்தினீங்க."

இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய பிறகு இதுதான் மிச்சம். எல்லாரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாடசாலையிலும் அப்படித்தான்.

ஆகஸ்ட் 9, சனி

பற்றரியைச் சோதித்து எழுத்தில் வாங்கி, அதை யோகராஜின் முகத்தில் எறிவது என்று முடிவு செய்தேன். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஹைபிரிட் மட்டும் பார்க்கிற கிஷான் என்ற ஒருவனைச் சொன்னார்கள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் ஒரு டப்லட். வயரைக் கொழுவிப் பத்து நிமிடம் பார்த்தான்.

"பற்றரி நல்லா இருக்கு சேர். எல்லா செல்லும் சமமா இருக்கு. மீற்றரும் உள்ள பதிஞ்சிருக்கிற கணக்கும் ஒண்ணுதான். யாரும் கை வைக்கல."

யோகராஜுக்குத் தெரிந்தவனோ என்று கேட்டேன். சிரித்தான். "எந்த யோகராஜ்? வாங்க சேர், ஒரு ரவுண்டு போவோம். நீங்களே ஓட்டுங்க."

அம்பிட்டிய மேட்டுக்கு ஏறினோம். முன்னால் ஒரு முச்சக்கரவண்டி ஊர்ந்தது. மிதித்து முந்தினேன். திரும்பி இறங்கும்போது வழக்கம்போல நியூட்ரலுக்குத் தள்ளினேன்.

"சேர்! இப்ப என்ன செஞ்சீங்க?"

"பெற்றோலை மிச்சம் பிடிக்கிறேன்."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "இவ்வளவு நாளும் எறக்கத்தில இப்பிடியா? சேர், எறங்கும்போது சில்லு சுத்துற வேகத்திலதான் மோட்டர் கரண்ட் எடுத்துப் பற்றரிக்கு அனுப்பும். அதுவே வண்டியப் புடிச்சு நிறுத்தும். நியூட்ரல்ல அது நடக்காது. முழுப் பாரத்தையும் பிரேக் பாட்தான் தாங்கணும். தேயாம என்ன செய்யும்? கீழ வரும்போது பற்றரி காலி, அதை நிரப்ப என்ஜின் பெற்றோல எரிக்குது. மேல ஏறையில வேற கோவத்தோட மிதிக்கிறீங்க." பிறகு, "சேர் என்ன படிப்பிக்கிறீங்க?" என்றான்.

சொன்னேன்.

"பௌதிகமா?" என்றான். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லியிருந்தால் இறக்கிவிட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கராஜ்காரன் எனக்குச் சக்திக்காப்பு படிப்பிக்கிறான்! உயரத்தில் இருக்கிற பொருளின் அழுத்தசக்தி இறங்கும்போது எங்கே போகிறது — எத்தனை வருடம், எத்தனை கரும்பலகை.

நம்பமாட்டேன். நானே அளப்பேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

விடுமுறை முடிந்து திங்கள் பாடசாலை தொடங்கியது. இந்தக் கிழமை முழுக்க நியூட்ரலைத் தொடவில்லை. ஏற்றத்தில் காலை மெதுவாக வைத்தேன். புதன்கிழமை வலயக் கல்வி அலுவலகத்து வான் ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்தியது. அதற்குள் யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மிதிக்கத் துடித்த காலை எடுத்துவிட்டேன். வளைவுகளுக்கு முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டேன். கீழே வரும்போது திரையில் பற்றரி நிரம்பியிருந்தது.

19.7.

ரயர், ரயரின் காற்றழுத்தம் எல்லாம் அதேதான். தற்செயலாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இரண்டு நாள் பழையபடி. நியூட்ரல், மிதி.

14.9.

யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பந்தக்கால் ஊன்றும் நாள் திங்கட்கிழமை என்று வைத்திருந்தார்களாம். இப்போது அதுவும் தெரியாது என்று சந்திரிகா போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

சொல்லிவிடலாம். என்ன சொல்வது? ஆறு பேர் முன்னால் ஒரு தகப்பனின் கையைப் பெண்ணின் தலையில் வைக்கச் செய்துவிட்டு, கியரைத் தப்பாகப் போட்டேன் என்றா? காலம் முழுக்கச் சிரிப்பார்கள். பாடசாலைக்கும் போகும். உப அதிபர் கதிரையில் இருக்கிறவன் அதைக் கேட்டால்... அவனுக்கு அந்தச் சந்தோசத்தையும் கொடுக்க வேண்டுமா?

கல்யாணம் எப்படியும் நடக்கும். யாரும் இதற்காக நிறுத்தமாட்டார்கள்.

மாட்டார்களா?

ஆகஸ்ட் 29, வெள்ளி

தர்ஷிகா போன் எடுத்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கவா? அப்பா பொய் சொன்னாருன்னு இன்னமும் நெனக்கிறீங்களா?"

"இல்லை" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது. "சரி மாமா" என்று சொல்லிப் போனை வைத்தாள். ஏன் என்று கூடக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

போனேன்.

அதே ஆட்கள், கூடவே பன்விலையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும். யோகராஜ் தேங்காயை என் கையில் கொடுத்தான். "சொல்லிட்டு ஒடைங்க மச்சான்."

"கார் நல்ல கார். சத்தியம் உண்மை. ஏற்றுக்கொள்கிறேன்" என்றேன். கையை ஓங்கினேன்.

"அப்ப பதினஞ்சு ஏன்?"

யோகராஜ் சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டான். ரோடு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். பெற்றோலில் கலப்படம் என்று சொல்லியிருக்கலாம், யார் மறுப்பார்கள்? மாப்பிள்ளையின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்திரிகா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறக்கத்தில் நியூட்ரலில் விட்டேன். அதனால் பற்றரி ஏறவில்லை. பிரேக் தேய்ந்ததும் அதனால்தான். பிழை என்னுடையது."

முதலில் வாய் திறந்தவர் சின்னமுத்து: "அட ஆண்டவனே, இதுக்கா சேர் கற்பூரம் கொளுத்தினோம்? நாங்க முப்பது வருசமா அப்புடித்தானே எறக்குறோம்!"

"ஒன் லொறி என்ன ஹைபிரிட்டா, டீசல மோந்து பாக்க?" என்றான் கடை ஆள் ஒருவன். பூசாரி சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. நான் தேங்காயை அடித்தேன். உடையவில்லை, உருண்டு போனது. அதற்கும் சிரிப்பு. எடுத்து வந்து மறுபடி அடித்தேன்.

யோகராஜ் மட்டும் சிரிக்கவில்லை. உடைந்த பாதிகளைப் பொறுக்கிப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு, என்னைத் தாண்டிப் போனான்.

வரும் வழியில் சந்திரிகா கேட்டாள். "எப்பலருந்து தெரியும்?"

"இருபத்தாறாம் திகதி."

"அஞ்சு நாளு" என்றாள். "அஞ்சு நாளு அந்த வீட்டுல யாரும் ஒழுங்கா சாப்பிடல. தெரியுமா ஒங்களுக்கு?"

தலாத்துஓயா வரை நியூட்ரலைத் தொடாமல் இறக்கினேன்.

செப்டம்பர் 4, வியாழன்

கல்யாணம் முடிந்தது. என்னை யாரும் முன்னால் கூப்பிடவில்லை, ஐந்தாவது வரிசையில் ஒரு கதிரையில் இருந்தேன். சந்திரிகா பெண்ணுக்குப் பின்னால் குத்துவிளக்கோடு நின்றாள். நான் வாங்கிக் கொடுக்காத ஒரு சேலை. தாலி ஏறும்போது அவள் தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வீட்டில் பார்த்து எவ்வளவு காலம் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

சாம்பாரில் உப்பு அதிகம். பாயசம் தண்ணி. இரண்டையும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது யோகராஜ் வந்தான். தேங்காய்க்குப் பிறகு முதல் பேச்சு.

"மச்சான், சாவி."

"என்ன சாவி?"

"காரு. பொண்ணு மாப்பிள்ளைய பன்விலைக்கு அனுப்பணும்."

வாடகைக்குப் பிடித்த வெள்ளைக் கார் வாசலில் மாலை போட்டு நின்றது. அதைக் காட்டினேன்.

"தெரியும்" என்றான். "இதுலதான் போகணும். இந்தக் காருக்காகத்தானே அவ தலையில கை வச்சேன். எல்லாரும் பாக்க இதுலயே போகட்டும்."

கொடுத்தேன். வெள்ளைக் காரின் மாலையை அவிழ்த்து இதில் கட்டினார்கள். சின்னமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்ட ஏறினார். கண்ணாடியை இறக்கி, "சேர், பயப்படாதீங்க, நியூட்ரல்ல கையே வைக்க மாட்டேன்!" என்றார். ஊரே சிரித்தது. தர்ஷிகாவும்தான். பின் சீற்றில் அவளும் மாப்பிள்ளையும் சந்திரிகாவும், முன்னால் மாப்பிள்ளையின் தங்கச்சி. இன்னும் ஒருவருக்கு இடமில்லை. யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று மணி பஸ்ஸில் வந்தேன். பாதி வழி நின்றுகொண்டுதான்.

சந்திரிகா பன்விலையிலிருந்து நேரே தம்பி வீட்டுக்குப் போவாளாம், மறுவீட்டு விருந்து முடியும்வரை அங்கேதானாம். காரும் அவளோடு. எப்போது வருவாள் என்று தர்ஷிகாவின் அம்மாவிடம் கேட்டேன். "அண்ணி சொல்லலியே" என்றார்.

நாளைக்குப் பாடசாலை. ஐந்தரைக்குக் குட்ஷெட் பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும். சட்டையை நானே அயன் பண்ணி வைத்திருக்கிறேன்.