எட்டாவது வாரத்தில் காணாமல் போன மாலா

என் அருமைப் புவனா அக்கா,

நாம் பார்த்த அந்த வலைப்பந்து நாடகத்தின் இரண்டாவது பாகம் போன சனிக்கிழமையோடு முடிந்துவிட்டது. பதின்மூன்று வாரமும் ஒன்று விடாமல் பார்த்தேன். அதே கெலிஓயா வீடு, அதே டிவி. ஆறரை மணிக்குப் பாட்டுத் தொடங்கியதும் அம்மா சமையலறைப் பக்கம் திரும்பி, "புவனா, ஆரம்பிச்சிருச்சு, வா" என்று கூப்பிடுவாள். முதல் வாரம் மட்டுமில்லை, பதின்மூன்று வாரமும் கூப்பிட்டாள். கூப்பிட்டபிறகுதான் அவளுக்கு நினைவு வரும். நான் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைப்பேன்.

நாடகம் எப்படி இருந்தது என்றுதானே முதலில் கேட்பாய். முந்தியதைவிட நன்றாக இருந்தது அக்கா. இந்தப் பிள்ளைகளுக்கு யாரோ உண்மையாகவே ஆடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பந்தைப் பிடித்ததும் ஊன்றிய கால் ஊன்றியபடி நிற்கிறது. மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் நடுவர் விசில் ஊதுகிறார். ஐந்தாம் வாரம் கொட்டும் மழையில் ஓர் ஆட்டம்; சிமெந்துத் தரையில் வழுக்கி முழங்கால் கிழிந்து விழுகிறவள் பந்தை விடவில்லை. முதல் பாகத்தில் அணித் தலைவியாக நடித்த பெண் இப்போது பயிற்சி கொடுக்கும் டீச்சர். தோற்றுவிட்டு வரும் காட்சியில் அவள் அழவில்லை. பந்துகளை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சாக்கில் போடுகிறாள். "இவளுக்கு நடிக்கத் தெரியும்டா" என்று சொல்லியிருப்பாய்.

முதல் பாகம் ஓடியபோது நான் வாராந்திரப் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பேராதனை நூலகத்தில் வேலை முடித்து வந்து, உன் பக்கத்தில் காகிதத்தோடு உட்காருவேன். எனக்கு வலைப்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாது. நீ பந்தைப் பார்க்கவே மாட்டாய், கால்களைத்தான் பார்ப்பாய். "இங்க பாரு, பந்தக் கையில வச்சிக்கிட்டு நாலு எட்டு நடக்குறா. இவ என்ன சந்தைக்கா போறா?" நான் அதை எழுத்துத் தமிழில் மாற்றி அனுப்புவேன். விளையாட்டு தெரிந்த விமர்சகர் என்று வாசகர்கள் எனக்குக் கடிதம் எழுதினார்கள். உன் பெயரையும் போடச் சொல்கிறேன் என்றால், "எனக்கெதுக்குடா பேரு, அடுத்த வாரம் ஒழுங்கா கேட்டு எழுது" என்று சிரிப்பாய்.

உனக்கு அந்த விளையாட்டு எப்படித் தெரியும் என்று இதை வாசிக்கிறவர்களுக்கும் சொல்லவேண்டும். எண்பத்து மூன்றில் உனக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூட அணியில் கோல் போடுகிறவள் நீதான். சிங்களப் பிள்ளைகள் ஆறு பேர், தமிழ் நீ ஒருத்திதான். மாகாண இறுதி ஆட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது கலவரத்தில் கண்டி டவுனில் அப்பாவின் துணிக்கடையை எரித்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் இரண்டு நாள் நம்மை உள்ளறையில் ஒளித்து வைத்திருந்தது. பிறகு அகதி முகாம். அங்கே நீ தினமும் காலையில் விளையாடப் போடும் வெள்ளைச் சப்பாத்தைத் துடைத்து வைப்பாய். "மேட்ச தள்ளிப் போட்டிருப்பாங்க. ஆள் அனுப்புவாங்க" என்று அப்பாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

தள்ளித்தான் போட்டார்கள். ஆனால் யாரும் ஆள் அனுப்பவில்லை. மூன்று வாரம் கழித்து, யாரோ முகாமுக்குக் கொண்டுவந்த சிங்களப் பத்திரிகையில் உன் அணி கோப்பையோடு நின்றது. ஏழு பேர். உன் இடத்தில் வேறொருத்தி. நீ படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஜெயிச்சிட்டாங்க" என்றாய். நாம் திரும்பவும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. கெலிஓயாவுக்கு வந்தோம், அப்பா காலமானார், நீ பல்லேகல தையல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாய். பந்தைப் பற்றிப் பேச்சே இல்லை, அந்த நாடகம் வரும்வரைக்கும்.

நாடகத்தில் மாலா என்று ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். நடித்தவள் சிங்களப் பெண், "அம்மா" என்பதைக்கூட ஒரு மாதிரி இழுத்துச் சொல்வாள். உனக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. "கைய மேல தூக்கி, மணிக்கட்டால விடுறா பாரு. சரியா போடுறா" என்று சந்தோஷப்பட்டாய். ஏழு வாரம் அவள்தான் கோல் போட்டாள். எட்டாவது வாரம் அவள் இல்லை. அவள் ஆடும் இடத்தின் எழுத்துப் போட்ட நெஞ்சுப் பட்டையை வேறொருத்தி கட்டியிருந்தாள். ஊருக்குப் போனாள் என்றோ, காய்ச்சல் என்றோ ஒரு வார்த்தை இல்லை. ஒன்பது, பத்து, பதினொன்று என்று நீ காத்திருந்தாய். கடைசி வாரம் அணி ஜெயித்து எல்லோரும் கட்டிப்பிடித்து அழும்போது நீ எழுந்துவிட்டாய்.

"மாலா எங்கடா?" என்று என்னைக் கேட்டாய். "ஒருத்திகூட கேக்கல பாத்தியா? கூட ஆடுனவளுங்க, டீச்சர், ஒருத்தராவது. இத எழுதுடா."

எழுதினேன் அக்கா. அந்த வரி முதல் பிரதியில் இருந்தது. காலையில் தபாலில் போடுவதற்கு முன் அடித்துவிட்டேன். அந்த மாதம் பொலிஸில் தமிழர்களின் பெயர்களைப் பதிந்துகொண்டிருந்தார்கள். நூலகத்தில் எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்முகம் இருந்தது. ஒரு டிவி நாடகத்துக்காக ஏன் வம்பு என்று நினைத்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை, பத்திரிகை ஆசிரியர் வெட்டவில்லை. நானே வெட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையை நீ கடைசிவரை வாசித்தாய். மடித்து மேசையில் வைத்தாய். "நல்லா எழுதியிருக்க" என்றாய். நீ என்னோடு ஒரு சண்டை போட்டிருந்தால் எனக்குப் போதும். ஏன் போடவில்லை?

அதன்பிறகு நாலு மாதம்தான். ஆலையில் இருந்து துணி மாதிரிகளோடு உன்னைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். "ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துருவேன், அம்மாவ மருந்து போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் காலை ரயிலுக்குப் போனாய். கொழும்பில் நீ ஏறிப் போன பஸ்ஸுக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் தமிழ்ப் பெண் நீ ஒருத்தி என்பதால், உன்னைத் தனியாக வைத்திருந்தார்கள். நான் அடையாளம் காட்டப் போனால், ஓர் அதிகாரி முதலில் கேட்டது, "உன் அக்கா ஏன் அங்கே போனாள்?" நான் திரும்பத் திரும்பத் துணி மாதிரி, ஆலை, பல்லேகல என்று சொன்னேன். "குண்டைக் கொண்டுபோனவள் அவள் இல்லை என்று எப்படி நம்புவது?" என்றார். மூன்று நாள். ஆலை முகாமையாளர் வந்து கையெழுத்துப் போட்டபிறகுதான் உன்னை என்னிடம் தந்தார்கள். குண்டால் செத்த உன்னை, குண்டு வைத்தவள் இல்லை என்று நிரூபித்து வாங்கிவந்தேன். இதை அம்மாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

எட்டாம் நாள் ஒரு சிங்களப் பெண் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சேலை. வாசலிலேயே நின்று, "நான் நிலந்தி. புவனாவோட டீம் கேப்டன்" என்றார். கதிரையில் உட்கார்ந்து உன் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தேநீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"மல்லி, அன்னைக்கி நாங்க கேக்கல" என்றார். தம்பி என்பதை அவர் சிங்களத்தில் சொன்னார். "புவனா எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. எனக்குத் தெரியும் எந்த கேம்ப்னு. எங்க வீட்டுல இருந்து நடந்து போற தூரம். பயம். அப்புறம் வெக்கம். பதினாலு வருசமா வெக்கம்."

நான் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கலாம், அல்லது கோபப்பட்டிருக்கலாம். "நானும் கேக்கல அக்கா" என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது.

அன்றோடு எழுதுவதை நிறுத்தினேன். இரண்டாம் பாகம் வருகிறது என்றதும் ஆசிரியர் ஆள் அனுப்பினார், நான் சம்மதித்தேன். உனக்காகத்தான். இந்தப் பாகத்தின் பத்தாவது வாரத்தில் பள்ளி மண்டபச் சுவரைக் காட்டுகிறார்கள். முதல் பாகத்தில் ஜெயித்த அணியின் படம் தொங்குகிறது. எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில் நின்று எண்ணினேன். ஏழு பேர், மாலா இல்லை. கால்களைத் திருத்தத் தெரிந்தவர்களுக்கு அவள் எங்கே போனாள் என்று சொல்லத் தெரியவில்லை. இப்படித்தான் என் விமர்சனத்தை எழுதினேன். நம் வீட்டில் நீ கேட்டதையும், நான் அந்த வரியை அடித்ததையும் சேர்த்து எழுதினேன்.

ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, இதை விமர்சனமாப் போட ஏலாது. நாளைக்கே வந்து பத்திரிகையை மூடச் சொல்லுவாங்கள்" என்றார். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "இரும்" என்றார். "அக்காவுக்குக் கடிதமா எழுதும். நினைவஞ்சலிப் பக்கத்தில போடுறன். செத்தவைக்கு எழுதிற கடிதத்தில நான் ஒரு எழுத்தும் தொடமாட்டன்."

அதனால்தான் இந்தக் கடிதம். இது உன் விமர்சனம் அக்கா. என் பெயர் கீழே இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு சேதி. நிலந்தி அக்கா இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அவருடைய அணியில் சுகந்தி என்று ஒரு தமிழ்ப் பிள்ளை இருக்கிறாள். வருகிற சனிக்கிழமை குருநாகலில் ஆட்டம். வழியில் சோதனைச் சாவடிகள், பிள்ளையை அனுப்பமாட்டேன் என்றார் அவள் அப்பா. நிலந்தி அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். "ஏதாவது ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?" என்று அந்த மனிதர் கேட்டார். நியாயமான கேள்வி. உன்னைப் பற்றிச் சொன்னேன். கொழும்பில் நடந்ததையும் மறைக்கவில்லை. அவர் திரும்பி, கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார். பிறகு, "நீங்க கூடப் போறதுன்னா சரி" என்றார்.

போகிறேன் அக்கா. சனிக்கிழமை காலை அவளை வீட்டு வாசலில் இருந்து கூட்டிப்போவேன். ஒவ்வொரு சாவடியிலும் முதலில் இறங்கி என் அடையாள அட்டையை நீட்டுவேன். அவள் ஆடி முடித்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், அவள் அப்பா கையில் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். இந்தச் சனி மட்டுமில்லை, அவள் ஆடுகிற எல்லாச் சனிக்கிழமையும்.

நீ கேட்கச் சொன்னதைக் காலம் கடந்து கேட்கிற
உன் தம்பி,
குமரேசன்