கத்திரி வெயிலில் ஒரு பாரசீகப் பூனை

12-5-1983, வியாழக்கிழமை. சித்திரை 29. நாமக்கல்.

பெங்களூரிலிருந்து டில்லிக்குக் குடிபெயரும் மகள், தன் பாரசீகப் பூனை நம் வீட்டிற்கு ஒத்துவருமா என்று பார்க்கச் சொல்லி, ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை அதை இங்கே விட்டுச் சென்றாள். நாளை தொலைபேசியில் கேட்பாள். பதில் சொல்ல வேண்டும்.

இன்று காலை முட்டை ஏற்றிய நம் லாரி புறப்படும் வேளையில் பூனை குறுக்கே ஓடியது. ஓட்டுநர் பழனி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டான்.

"நா எடுக்க மாட்டேனுங்க."

"அது நம் வீட்டுப் பூனையப்பா."

"பூனையில நம்மூடு, அசலூடுன்னு உண்டுங்களா?"

என் மனைவி பூனையைப் பிடித்து, லாரிக்கு முன்னால் எதிர்ப்பக்கமாகத் தூக்கிக்கொண்டு நடந்தாள். "போனது திரும்பி வந்துருச்சு. நேராப் போச்சு. எடு சாமி!" பழனி சிரித்துக்கொண்டே ஏறினான்.

சோற்றில் உரோமம், லாரிக்குச் சகுனம், இந்த வெயில் என்று மறுப்பதற்கான காரணங்களை நான் நாள் முழுவதும் அடுக்கி வைத்திருந்தேன். மாலையில் அவற்றைச் சொல்லப் போனபோது, மனைவி குளியலறையின் ஈரத்தரையில் அமர்ந்திருந்தாள். மடியில் பூனை வாய் பிளந்து, நாயைப் போல் இளைத்துக்கொண்டிருந்தது. அவள் அதன்மேல் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"அனுப்பிருங்க," என்றாள், என்னைப் பாராமலே. "என்ற ஆசைக்கு அது ஏனுங்க வேகோணும்?"

நான் விரும்பிய பதில்தான். ஆயினும், மகளுக்குத் திருமணமான பிறகு இந்த வீட்டில் இவ்வளவு பேச்சு இந்த நான்கு நாட்களில்தான் கேட்டது.

மனைவியும் பூனையும் இருவருமாகக் கூடத்தில் உறங்குகின்றனர். மேசை விசிறியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். வியர்வை சொட்டி மை கலைகிறது.