டாக்டரிடம் நான் சொன்ன பொய்

மகனுக்கு,

போனை நீ எடுப்பதில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல வார்டு நர்ஸ் எழுதுகிறாள். ஒரு பெண்பிள்ளையிடம் இதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவளோ, "இங்க தினமும் பாக்குறதுதான், சும்மா சொல்லுங்க தாத்தா" என்கிறாள்.

உன் பிள்ளைக்கு மூத்திர வழி நுனியில் இல்லாமல் அடியில் இருப்பது அவன் அம்மா வீட்டுக் கோளாறு என்று கத்திவிட்டு நீ போய்ப் பதினோரு நாள் ஆகிறது. நேற்று டாக்டர், "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். மருமகள் தலை குனிந்துகொண்டாள்.

மில்லில் என்னைக் 'கதவு' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தாறு வருஷம் ஆண்கள் வரிசையில் நான் நின்றதே இல்லை. கக்கூஸுக்குள் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்துதான் போவேன். "என்ன கதவு, முட்டையா போடற?" என்பான் ஃபிட்டர். நானும் சிரித்துவைப்பேன். உன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று காலையில் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "யார் குத்தமும் இல்ல பெரியவரே, சரிபண்ணிடலாம்" என்றார். மருமகளிடமும் சொன்னேன். அவள் எனக்கு டீ ஊற்றினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன். அவள் கையெழுத்தே போதுமாம். ஆனால் போட மறுக்கிறாள். "ஏதாவது ஆச்சுன்னா அதுக்கும் நான்தான் காரணம்னு அவர் சொல்லுவார், மாமா" என்கிறாள்.

உடனே வா. முதலில் அவளிடம் மன்னிப்புக் கேள். பிறகு என்னைத் திட்டு. வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா
(கைநாட்டு)