கீரை இன்னா மீனா?

தங்கச்சி, இன்னிக்கு உன் தம்பி ஆரம்பாக்கத்துலேர்ந்து முளைக்கீரை கொண்டாந்தான். உன்ன மாதிரியே ஈரத் துணில சுத்தி. நீ கண்ண மூடின பிறகு இதான் மொதல் தடவ. துணிய அவுத்தேன் பாரு, அந்தப் பச்ச வாசன! கீரை வாடல, நான்தான் வாடிட்டேன்.

என் கொழுந்தனுக்கு வாக்கப்பட்டு நீ பசியாவரம் வந்தப்போ, இந்த உப்புத் தீவுல கீரை ஏது? அம்மா வூட்டுக்குப் போனா கட்டிகினு வருவ. பழவேற்காட்டுல படகுக்கு நிக்கறப்போ மூட்டைய ஒல்லாந்தர் கல்லறை செவுத்து நெழல்ல வெச்சிடுவ. நான் பயந்தா, "வெயில்ல வாடினா சத்து போயிடும்க்கா. உள்ள படுத்துகினு இருக்கறவனா கீரை கேக்கப் போறான்?"னுவ.

என் மவ மாசமா இருந்தப்போ ரத்தம் ரொம்பக் கம்மின்னுட்டாங்க. இப்படியே போனா பிரசவத்துல அவ உசிருக்கே ஆபத்துன்னு நர்சம்மா சொன்னதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. எங்க கங்கம்மா சாமிக்கு மஞ்சத்துணில காசு முடிஞ்சி வெச்சேன். மாத்திரையோட தெனம் கீரையும் குடுத்தேன். ரத்தம் ஏறவே இல்ல.

அன்னிக்கு நீ வந்து நின்னு பாத்த. நான் கீரைய பொடிசா அரிஞ்சி, உப்பு போட்டுக் கசக்கி, தண்ணி மாத்தி மாத்தி அலசி, பச்சையா எறங்கினத ஏரில ஊத்திகினு இருந்தேன்.

"யக்கா! கீரை இன்னா மீனா, அறுத்துட்டு அலசறதுக்கு?"

"கவுச்சி போவ வாணாமா?"ன்னேன்.

"கீரைல ஏதுக்கா கவுச்சி? வைட்டமின்லாம் ஏரிக்குப் போவுது. உங்க ஊரு எறாலுக்குத்தான் ரத்தம் ஊறும்!"

கோவம்தான் வந்துச்சு. அப்புறம் கண்ணுல தண்ணி வர சிரிச்சேன். அன்னிலேர்ந்து கீரை உன் பொறுப்பு. முழுசா அலசிட்டு அரிவ. அரிஞ்சத காத்தாட வெக்காம ஒடனே அடுப்புல போட்டு, துளி தண்ணி தெளிச்சு மூடிடுவ. வெந்ததும் எறக்கிடுவ. மிஞ்சின தண்ணிய ரசத்துல சேத்து, சாப்பிடறப்போ எலுமிச்சம்பழம் புழிவ.

மாத்திரையோ, உன் கீரையோ, கங்கம்மாவோ, மவளுக்கு ரத்தம் ஏறிச்சு. பேத்தி பொறந்தா. மொதல்ல தூக்கினது நீ.

இன்னிக்கு அருவாமனைய போட்டு ஒக்காந்தேன். பழைய பழக்கத்துல, கீரைக்கட்ட அலசாமலே அரிய வெச்சிட்டேன். "கீரை இன்னா மீனா?"ன்னு என் வாயே கேட்டுச்சு, உன் கொரல்ல.

"யார்கூடம்மா பேசற?"ன்னா மவ.

"உன் சின்னம்மா கூட."

அவ என் கையிலேர்ந்து கீரைய வாங்கிகினு போயி, அலசி எடுத்தாந்து வெச்சா.