இரண்டு கட்டங்கள்

ஹான்காக், மிச்சிகன்
ஜனவரி 14, 1996

அன்புள்ள கார்லாவுக்கு,

அப்பா எழுதுவது. பனி ஜன்னலின் பாதிவரை ஏறிவிட்டது. என் முதுகு சானாவின் நீராவிச் சூட்டில் உட்கார்ந்தால் சரியாகிறது, எழுந்தால் பழையபடி.

அல்ஜீப்ராத் தேர்வு இரண்டாம் முறையும் போய்விட்டது என்று உன் அத்தை சொன்னாள். மனதைத் தளரவிடாதே. எண்ணோடு எழுத்தும் சேர்ந்து வந்தால் நம் வம்சத்துக்கே மூச்சு முட்டும். பத்தாம் வகுப்பில் அந்த எக்ஸைப் பார்த்து எழுந்து வெளியே நடந்தவன் நான், இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன்.

உன் அசட்டு அப்பா,
ரெய்னோ

கிரீன் பே, விஸ்கான்சின்
ஜனவரி 25, 1996

அன்புள்ள அப்பா,

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் பேசினால் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

மார்ச் ஒன்பதாம் தேதி மூன்றாவது தரம். இதிலும் போனால் நர்சிங் படிப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். முப்பது வயதில் மறுபடி ஹோட்டலில் காப்பி ஊற்ற வேண்டியதுதான்.

வீட்டில் போட்டால் கணக்கு வருகிறது. தேர்வுத்தாளைத் திறந்தால் கணக்கு வாத்தியார் ப்ரௌஸ் சார் முகம்தான் வருகிறது. எட்டாம் வகுப்பில், அடுத்த வருஷப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் தாளில் அல்ஜீப்ரா, சாதாரணக் கணக்கு என்று இரண்டு கட்டம் இருந்ததே. நான் அல்ஜீப்ராவில் குறி போட்டுக் கொடுத்தும், இவளுக்கு மூளை போதாது என்று தள்ளியவர் அவர். அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார் போல.

கார்லா

ஹான்காக்
பிப்ரவரி 11, 1996

அன்புள்ள கார்லாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பிறகு நூலகத்துக்குப் போய் அல்ஜீப்ரா புத்தகம் கேட்டேன். அங்கிருந்த அம்மாள் என்னை, வழி தெரியாமல் உள்ளே வந்த கரடி மாதிரி பார்த்தாள். சார்பு என்று ஒரு பாடம். ஒரு வாரம் அதை முறைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இது நம் கூரை.

லெஹ்டோ வீட்டு கார் கொட்டகைக்கு நான் கூரை போட்டது நினைவிருக்கிறதா? உனக்குப் பன்னிரண்டு வயது. சுவர் எட்டடி. சுவரிலிருந்து உள்ளே நகரும் ஒவ்வொரு அடிக்கும் கூரை அரையடி ஏறும். பத்தடி உள்ளே என்ன உயரம் என்று நான் ஏணியில் டேப்போடு தள்ளாடினேன். நீ கீழே இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டியைத் தின்றுகொண்டே, "எட்டும் அஞ்சும் பதிமூணு. இதுக்கு எதுக்குப்பா ஏணி?" என்றாய்.

அவ்வளவுதானம்மா விஷயம். எத்தனை அடி உள்ளே நிற்கிறாய் என்பது எக்ஸ். தலைக்கு மேலே கூரை எவ்வளவு உயரம் என்பது அதைப் பொறுத்தது. எட்டு, நீ நகராவிட்டாலும் இருக்கிற சுவர். புத்தகம் இதைத்தான் நாலு பக்கத்துக்கு மிரட்டுகிறது.

இனி வேடிக்கை இல்லை. உன்னைத் தள்ளியது ப்ரௌஸ் சார் அல்ல. அந்தத் தாளைப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தானே. நீ பென்சிலால் போட்ட குறியை, பள்ளி வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து அழித்தவன் நான். மற்ற கட்டத்தில் பேனாவால் போட்டேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "ரெய்னோ, அந்தப் பொண்ணுக்கு வரும்யா. நல்லா யோசிச்சுக்கோ," என்றார். நான், "எங்க வம்சத்துக்கே அது ஆகாது சார்," என்றேன். பின்னால் நின்ற பெற்றோரெல்லாம் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வம்சமெல்லாம் சாக்கு. சமையலறை மேசையில் நீ ஒரு கணக்கைக் கேட்டு, அப்பாவுக்குத் தெரியாது என்று கண்டுகொள்வாயே என்ற பயம். நீ அழுதபோது, சார்தான் முடிவு செய்தார் என்று சொல்லிவிட்டேன்.

தேர்வு முடிந்தபின் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம். தாளைத் திறக்கும்போது அவர் முகத்துக்குப் பதில் என் முகம் வரட்டும். அதைப் பார்த்து நீ ஒருநாளும் பயந்ததில்லை.

அப்பா

கிரீன் பே
மார்ச் 28, 1996

அப்பா,

எண்பத்தொன்று. தேறிவிட்டேன். கடைசிக் கேள்விக்கு ஓரத்தில் எட்டடிச் சுவர் வரைந்துகொண்டேன். உங்கள் முகம் வரவில்லை. கூரை வந்தது.

ப்ரௌஸ் சாருக்கு எழுதினேன். அவர் மனைவி பதில் போட்டிருக்கிறார். போன அக்டோபரில் இறந்துவிட்டாராம். ஊருக்கு வரும்போதெல்லாம் கடையில் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். ஒரு தரம் வழிமறித்து, "கணக்கெல்லாம் எப்படிம்மா போகுது?" என்று கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

கோடைக்கு வரவில்லை. நானாக எழுதும்வரை எழுத வேண்டாம்.

கார்லா

ஹான்காக்
டிசம்பர் 2, 1996

அன்புள்ள கார்லாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எட்டு மாதம் இருந்து பார்த்தேன். இது ஒன்று மட்டும்.

ப்ரௌஸ் சார் வீட்டு முகப்புக் கூரை ஒழுகியது. போய்ச் சரிசெய்தேன். அவர் மனைவியிடம் குறியை அழித்த கதையைச் சொன்னேன். நான் மறுபடி ஏறியபோது அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

நூலகப் புத்தகத்தின் தவணையைத் திரும்பத் திரும்ப நீட்டி வைத்திருக்கிறேன். ஆறாம் பாடம் வரை வந்துவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், ஒன்பதாவது கணக்கு. நாலு நாளாகிறது. எனக்குத் தெரியவில்லை, கார்லா.

சமையலறை மேசையில் அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

அப்பா