அம்மாவின் கண்ணாடித் தட்டும் வெடித்த உப்பும்

மரக்காணம்,
பங்குனி மாதம்.

அன்பு மகள் செந்தமிழுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், உன் அம்மா கொஞ்சம் கூடுதலாகவே நலம். டப்ளினில் நீ நலமாக இருக்கிறாய் என்று தெரியும், ஆனால் அதுவும் உன் அம்மா சொல்லித்தான் தெரியும். குளிர் குறைந்துவிட்டதாம், ஆஸ்பத்திரியில் உன் வேலையை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம், புதிதாக எடுத்த ரூமில் கட்டில் போட்டது போக ஒரு ஆள் நிற்கத்தான் இடம் இருக்கிறதாம். எல்லாம் சோறு போடும்போது அவள் போகிற போக்கில் சொல்வதுதான், நான் துருவிக் கேட்டால் அதான் சொன்னேனே என்கிறாள். அப்பா காகிதத்தில் எழுதுகிறாரே, என்னவோ ஏதோ என்று பயந்துவிடாதே. வாட்ஸப்பில் பேசி அனுப்பலாம் என்றால் நான் போனை வாய்க்கு நேராகப் பிடித்தாலே யாருக்கு என்ன என்று உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள். இது அவளுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டியது. கூனிமேட்டு பாயின் மகன் நோன்புப் பெருநாள் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்ப அவள் ஒரு பார்சல் கட்டிவைத்திருக்கிறாள், அதில் நலங்கு மாவு டப்பாவுக்கு அடியில் இதை மடித்து வைக்கப்போகிறேன். டப்பாவை முழுக்கக் காலி பண்ணிய பிறகுதான் பார்ப்பாய் என்றால் அது என் தலையெழுத்து.

முதலில் கண்ணாடித் தட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதிலிருந்துதான் வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. நம் வீட்டில் பாத்ரூமுக்கு வெளியே சுவரில் இருக்கிற கண்ணாடியும் அதன் கீழே இருக்கிற மரத்தட்டும் கல்யாணமான நாளிலிருந்து என்னுடையவை. சவரப் பெட்டி, சீப்பு, பவுடர் டப்பா, தேங்காய் எண்ணெய், அப்புறம் உப்பளத்துப் பாத்தித் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாய், இவ்வளவுதான் அதில் இருந்தது. நீ உன் ரூமில் இடம் இல்லை என்று அஞ்சறைப் பெட்டியில் பொட்டும் மையும் உதட்டுச் சாயமும் அடுக்கி, கதவுக்குப் பின்னால் பை தைத்த துணியை மாட்டி அதில் பாட்டில்களைச் செருகி வைத்ததை அவளுக்குப் படம் பிடித்துக் காட்டினாய் பார், அன்றைக்கு வந்தது வினை. மறுநாளே பாண்டிக்கு பஸ் ஏறிப் போய் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கூடைகளாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். காலையில் போடுவது ஒரு கூடை, ராத்திரி போடுவது ஒரு கூடை, வெளியே போனால் மட்டும் போடுவது ஒரு கூடை. இது பத்தாது என்று ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் ஏதோ மஞ்சள் நிறத் தண்ணீர் ஒரு பாட்டில். என் சவரப் பெட்டி ஜன்னல் கட்டைக்குப் போய்விட்டது. டிகிரிக் குழாயைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடினால் அரிசி டிரம் மேல் துணி சுற்றி வைத்திருக்கிறாள். அது உடைந்துபோனால் நான் நாக்கில் வைத்துப் பார்த்தா உப்பு விளைய வைப்பது என்று கேட்டேன், "நீங்க தான் நாக்குலயே கண்டுபுடிச்சிருவீங்களே, ஊரெல்லாம் சொல்லிக்கறீங்க" என்றாள்.

நீ தினமும் வேலைக்குக் கிளம்பும்போது கூப்பிடுகிறாய், உனக்கு அது காலை, எங்களுக்குப் பகல் சாப்பாட்டு நேரம். நான் அளத்தில் இருந்து வந்து காலில் ஒட்டிய உப்பைக் கழுவிவிட்டு வந்து உட்காருவதற்கும் உன் போன் வருவதற்கும் சரியாக இருக்கும். நீ அங்கே கண்ணாடி முன்னால் நின்று முகத்துக்கு எதையோ தட்டித் தட்டிப் போடுகிறாய், இவள் இங்கே என் கண்ணாடி முன்னால் நின்று அதையே தட்டித் தட்டிப் போடுகிறாள். மேல்நோக்கித் தேய்க்க வேண்டும், கழுத்தை விடக்கூடாது, வெயிலில் துணி காயப்போடப் போனாலும் வெயில் க்ரீம் போடாமல் போகக்கூடாது என்று நீ சொல்வது எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. நானே குழம்பு ஊற்றிக்கொள்கிறேன், நானே மோர் எடுத்துக்கொள்கிறேன், இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள், எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் நேரமாகிவிட்டது என்று நீ செருப்பை மாட்டும்போதுதான் போன் என் பக்கம் திரும்பும். சாப்ட்டியாப்பா என்பாய், சாப்ட்டேம்மா என்பேன், சரிப்பா பஸ் வந்துருச்சு என்பாய். என் தட்டில் சோறு இருப்பது உனக்கே தெரியும், அப்புறமும் அதையேதான் கேட்கிறாய்.

உன் அம்மா முகம் பளிச்சென்று ஆகிவிட்டது உண்மை, நான் பொய் சொல்ல மாட்டேன். பக்கத்து அளத்துக் கலியபெருமாள் வரப்பில் நின்றுகொண்டு, "இன்னாண்ணே, அண்ணி பத்து வயசு கொறைஞ்சிட்டாங்க, நீங்க அப்பிடியே காஞ்சு கெடக்குறீங்க" என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறான். உப்பு வெயிலில் இத்தனை வருஷம் நின்றவன் காயாமல் என்ன செய்வான். பக்கத்து வீட்டு சங்கீதா, டெய்லர் மணிவண்ணன் மனைவி, அவளும் தினமும் வந்து உட்கார்ந்துகொண்டு அக்கா இது எதுக்கு அக்கா அது எதுக்கு என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து நானும் ராத்திரிக் கூடையில் இருந்து ஒரு சின்ன டப்பாவைத் திறந்து என் குதிகால் வெடிப்பில் நன்றாக அப்பிக்கொண்டேன். பாதி டப்பா போய்விட்டது. அது கண்ணுக்குக் கீழே மிளகு அளவு வைக்க வேண்டியதாம், நீ அங்கிருந்து அனுப்பிய உசத்திச் சரக்காம். உன் அம்மா சங்கீதாவின் சின்னப் பையன் மேல் சந்தேகப்பட்டு அவனை இரண்டு நாள் வீட்டுக்குள் விடவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வெடிப்பு கொஞ்சம் ஆறியிருக்கிறது, அதை உன்னிடம் சொல்லலாம் என்று மூன்று நாளாகக் காத்திருந்தேன், என் முறை வந்தபோது உனக்கு பஸ் வந்துவிட்டது.

இப்போது கேக் கதைக்கு வருகிறேன். நீ சொல்லிக்கொடுத்தபடி அடுப்பில் பெரிய அலுமினியக் குண்டானை வைத்து, அடியில் உப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு வளையத்தைப் போட்டு, மூடிவைத்து, நன்றாகச் சூடேறிய பிறகு கேக் தட்டை உள்ளே இறக்கி வேகவைக்கிறாள். முதல் தடவை ரவை கேக், இரண்டாம் தடவை வாழைப்பழக் கேக், இரண்டுமே பஞ்சு மாதிரி வந்தது, தெருவே தின்றது. எனக்கு ஆறாதது என்னவென்றால் அடியில் போட்ட உப்பு கடையில் வாங்கிய பாக்கெட் தூள் உப்பு. உப்பளத்துக்காரன் வீட்டில் பாக்கெட் உப்பு. கேட்டால் உங்க பொண்ணு வீடியோவில் அதைத்தான் போட்டாள் என்கிறாள். டப்ளினில் வேறு என்னத்தைப் போடுவாய் நீ, அங்கே அதுதானே கிடைக்கும். போன ஞாயிறு உன் பிறந்தநாளுக்கு கேக் செய்து உன் கண் முன்னால் வெட்டப்போவதாக ஏற்பாடு ஆனதும் நான் முடிவு பண்ணிவிட்டேன், நம் அளத்து உப்புதான் போட வேண்டும் என்று. அன்றைக்குக் காலையில் நானே பாத்தியில் இறங்கி வாரி, நல்ல வெள்ளையாக, பெரிய பரலாகப் பார்த்து ஒரு சின்னக் கூடை கொண்டுவந்து கொடுத்தேன். உன் பிறந்தநாளில் பிறந்த உப்பு என்று உன்னிடம் சொல்ல வேண்டும், அது எப்படி என்று நீ கேட்பாய், நான் விளக்குவேன், அதற்குள் பஸ் வராது, ஞாயிற்றுக்கிழமை. இவ்வளவும் யோசித்துவைத்திருந்தேன்.

அன்று வாரிய உப்பை அன்றே யாரும் அடுப்படிக்குக் கொண்டுவர மாட்டார்கள் செந்தமிழ். வரப்பில் குவித்து வைத்து நாள் கணக்கில் நீர் வடிய விட வேண்டும், அப்போதும் பரலுக்குள்ளே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். இது நம் ஊரில் நண்டு பிடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா. உன்னிடம் என்ன சொல்லலாம் என்பதிலேயே புத்தி போய்விட்டது, அடுப்பில் அது என்ன பண்ணும் என்று நினைக்கவே இல்லை. உன் அம்மா குண்டானைச் சூடேற்றி கேக் தட்டை இறக்கி மூடிய கொஞ்ச நேரத்தில் படபடவென்று தீபாவளி மாதிரி ஆரம்பித்தது பார். மூடி துள்ளுகிறது, ஆவி ஒருபக்கம், உப்பு மூடிக்கும் தட்டுக்கும் தெறிக்கிறது. அவள் கேஸை அணைத்துவிட்டுத் திறந்தால் கேக் நடுவில் குழி விழுந்து, மேலே உப்புக் கல் பதிந்து, ஈரமாக உட்கார்ந்திருக்கிறது. சங்கீதா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "அக்கா, உப்பு இப்பிடி வெடிச்சா கண்ணுதான்க்கா, சுத்திப் போட்டா கூட இவ்ளோ வெடிக்காதே" என்றாள். உன் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "யாரு கண்ணுன்னே தெரியலயே, எம்பொண்ணும் நானும் நாலு வார்த்த சிரிச்சுப் பேசறது யாருக்கோ பொறுக்கல" என்று, திண்டிவனத்து அத்தையில் ஆரம்பித்து சங்கீதாவின் மாமியார் வரைக்கும் ஒவ்வொருவராக எண்ணிப் பார்க்கிறாள். நான் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறேன். நீர் வடியாத உப்பும்மா அது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் அவள் சொன்னதும் பொய் இல்லை. பொறுக்காதவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

இதெல்லாம் நடக்கும்போது நீ ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்த போனுக்குள் இருந்து என்னாச்சு என்னாச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் உன்னிடம் உப்பைப் பற்றிச் சொல்லலாம் என்று போன் முன்னால் வந்து நின்றேன். "அப்பா, கொஞ்சம் தள்ளுங்கப்பா, அம்மா தெரியல" என்றாய். நீ அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாய், அம்மா அழுகிறாளோ என்ற பதற்றத்தில் சொன்னாய், எனக்குத் தெரியும். நான் தள்ளிக்கொண்டேன். கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் கிழக்குக் கடற்கரைச் சாலை வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன், எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு பீடி வாங்க என்றேன், பீடியை விட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று உனக்கே தெரியும்.

சாயங்காலம் உன் அம்மா திருஷ்டி கழித்தாள். அந்தப் புது உப்பைப் பார்த்தாலே பயம் என்று பாக்கெட் தூள் உப்பையே மிளகாயோடு எடுத்துக்கொண்டு, போனில் உன் போட்டோவைத் திறந்து வைத்து அதற்கு மூன்று சுற்று, அவளுக்கு மூன்று சுற்று, கண்ணாடித் தட்டுக்குக் கூட ஒரு சுற்று. எனக்குச் சுற்றவில்லை, நெருப்பில் போடும் வேலை மட்டும் என்னுடையது. தூள் உப்பு, சத்தமே இல்லாமல் அடங்கிவிட்டது. பாருங்க, கண்ணு போயிடுச்சு என்று சந்தோஷமாகச் சொன்னாள். போகவில்லை செந்தமிழ். மறுநாள் பகலில் உன் போன் வந்ததும் எனக்கு மறுபடி வயிறு எரிந்தது. எனக்கு உன் அம்மா மேல் பொறாமை, இதை வேறு எப்படிச் சுற்றி எழுதினாலும் அதுதான் விஷயம். பெற்ற பெண்ணோடு தாய் பேசுவதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் என்று கேட்டால் ஊர் சிரிக்கும், நீயும் வேண்டுமானால் சிரித்துக்கொள், ஆனால் அவளிடம் சொல்லாதே. அவளோடு பேசுவதைக் குறைத்துவிடாதே, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம், நீ கூப்பிட ஐந்து நிமிஷம் தாமதமானால் அவள் படும் பாடு எனக்குத்தான் தெரியும். எனக்கு முகத்துக்கு எதை எப்போது போடுவது என்று பேசத் தெரியாது. அதனால்தான் என்னோடு பேச உனக்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டதோ என்று நினைக்கிறேன். என் குதிகாலைப் பற்றிக் கேளேன். இந்த வருஷம் உப்பு எப்படி இறங்குகிறது என்று கேளேன். ஒன்றும் தோன்றாவிட்டால் கேக்குக்கு எந்த உப்பு, எத்தனை நாள் வடிந்த உப்பு என்று கேள், அதை மட்டும் நான் ஒரு மணி நேரம் பேசுவேன்.

வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. அந்தக் கண்ணாடி பாட்டில்களைக் கட்டில் தலைமாட்டில் அடுக்காதே, தூக்கத்தில் கை பட்டால் வெட்டும். நலங்கு மாவில் பயறும் கஸ்தூரி மஞ்சளும் உன் அம்மா வெயிலில் காயவைத்து அரைத்தது, காக்கா வராமல் காவல் இருந்தது நான், அதையும் மனதில் வைத்துத் தேய்த்துக்கொள். நீ நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல், சிரித்த முகமாக இருக்க வேண்டும், அந்தச் சிரிப்பில் எனக்கும் ஒரு பங்கு வர வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. எப்போதும் அம்மா போனுக்கே கூப்பிட்டுக் கூப்பிட்டு என் நம்பர் உன்னிடம் இல்லாமல் போயிருக்கலாம். மாற்றவில்லை. மாசிமகத்துக் கூட்டத்தில் தொலைந்துபோனால் யாரிடமாவது சொல்லி என்னைக் கூப்பிட வேண்டும் என்று சின்ன வயதில் உன்னை மனப்பாடம் பண்ணவைத்தேனே, அதே நம்பர்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சக்கரபாணி.